ஹீத்கிட் வாட் மீட்டரா, பேர்ட் 43-ஆ?

டிரான்ஸ்மிட்டர் அனுப்பும் சக்தியை அளக்கப் பழைய வாட் மீட்டர் ஒன்றை வாங்கி மேசையில் வைக்கலாம் என்று கிளம்பும் ஹாம் (அமெச்சூர் வானொலிக்காரர்), கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் நான்கு பெயர்களில்: ஹீத்கிட் எச்.எம்-15, எச்.எம்-102, எச்.எம்-2140, பிறகு பேர்ட் 43. முதல் மூன்றும் மிச்சிகன் மாநிலத்து பென்டன் ஹார்பரிலிருந்து பெட்டியில் உதிரிகளாக வந்தவை. வாங்கியவரே சோல்டர் செய்து பூட்டிக்கொள்ள வேண்டும். பேர்ட் ஆலையிலேயே முழுதாகச் செய்த கருவி. ஹீத்கிட்டைச் செய்த ஹீத் நிறுவனம் 1992-இல் கிட் தொழிலையே மூடிவிட்டது. ஆகவே இன்று கைக்கு வரும் இந்த ஹீத்கிட் மீட்டர் ஒவ்வொன்றும் முகம் தெரியாத ஒருவரின் சோல்டரிங் கம்பி பட்டது. விலையைவிட அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எச்.எம்-15-ஐச் சீக்கிரம் முடித்துவிடலாம். அது வாட்டே காட்டாது, எஸ்.டபிள்யூ.ஆர் மட்டும்தான்; ஆன்டெனாவுக்குப் போகும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைச் சொல்லும் எண் அது, 1 என்றால் ஒன்றும் திரும்பவில்லை. உள்ளே மையக் கம்பியை ஒட்டி ஓடும் பிக்கப் கம்பிகளில் எழும் வோல்டேஜ், அலைவரிசை ஏற ஏறக் கூடும். 3.5 மெகாஹெர்ட்ஸிலிருந்து 28-க்குப் போனால் ஏறக்குறைய எட்டு மடங்கு. அதனால் பேண்டு (அலைவரிசைத் தொகுதி) மாற்றும்போதெல்லாம் குமிழைத் திருகி முள்ளைக் கடைசிக் கோட்டில் நிறுத்த வேண்டும். டிரான்ஸ்மிட்டருக்கும் ஆன்டெனாவுக்கும் பொருத்தம் பார்க்கும் ஆன்டெனா டியூனர் பக்கத்தில் வைக்க அது போதும்.

எச்.எம்-102 வேறு ரகம். இதில் ஆன்டெனாவுக்குப் போகும் கோக்ஸ் கேபிளின் மையக் கம்பி, கம்பி சுற்றிய ஒரு டொராய்டு காந்த வளையத்துக்குள் நுழைந்து போகிறது. வளையம் கரண்ட்டை அளக்க, கெபாசிட்டர் ஜோடி வோல்டேஜை அளக்க, இரண்டும் சேர்ந்து போகும் சக்தியையும் திரும்பும் சக்தியையும் பிரித்துவிடுகின்றன. 3.5 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை முள் ஏறக்குறைய ஒரே மாதிரி நிற்பதால், ஸ்கேலில் துணிந்து வாட் அச்சிட முடிந்தது: 200, 2000 என இரண்டு ரேஞ்சுகள். சென்சார் பெட்டியைத் தனியாகக் கழற்றி மேசைக்குப் பின்னால் ஒளித்துவிடலாம். கனமான கோக்ஸ் மீட்டரை இழுத்துக் கவிழ்க்காது. எழுபதுகளில் யோசித்த ஆளுக்கு ஒரு கும்பிடு.

ஆனால் துல்லியம் முழு ஸ்கேலில் 10 சதவீதம். இதைப் பலர் வாசித்துவிட்டுக் கடந்து போகிறார்கள். 200 வாட் ரேஞ்சில் 10 சதவீதம் என்றால் 20 வாட். 50 வாட் அனுப்பும்போது முள் 30 காட்டினாலும் 70 காட்டினாலும் மீட்டர் தன் வாக்கைக் காப்பாற்றியதாகத்தான் அர்த்தம்! 2000 ரேஞ்சில் 100 வாட்டைப் படிப்பது வெறும் குத்துமதிப்பு.

எஸ்.டபிள்யூ.ஆர் விஷயத்தில் மட்டும் இந்தக் குறை அவ்வளவாகக் கடிக்காது. அது ஒரு விகிதம். போவதையும் வருவதையும் அதே முள்தான் அளக்கிறது. 100 வாட் போய் 4 வாட் திரும்பினால் 1.5, 11 வாட் திரும்பினால் கிட்டத்தட்ட 2. ஒரே ஒரு பொறி உண்டு: குறைந்த சக்தியில், ஆர்.எஃப்-ஐ (ரேடியோ அலைவரிசை மின்சாரத்தை) நேர்மின்னாக்கி முள்ளுக்குத் தரும் டயோடு சரியாக விழிக்காது, திரும்பி வருவதைக் குறைத்துக் காட்டும். 5 வாட்டில் ஆன்டெனா அருமையாகத் தெரிந்தால் மயங்க வேண்டாம். சக்தியை ஏற்றி மறுபடி பாருங்கள்.

எச்.எம்-2140 எண்பதுகளின் பிள்ளை. இரண்டு முள், போவதும் வருவதும் ஒரே பார்வையில். எஸ்.எஸ்.பி-யில் (ஹாம்கள் குரலை அனுப்பும் ஒரு முறை) பேசும்போது பீக், அதாவது உச்ச சக்தி, காட்டும் வசதியும் உண்டு. சாதாரண மீட்டரில் 100 வாட் ரிக்கும் (ஹாமின் வானொலிக் கருவி) பேச்சின் நடுவே இருபது முப்பதில் தள்ளாடும். பீக் காட்ட பேட்டரி வேண்டும் என்பதால், பழைய பெட்டியைத் திறந்து பேட்டரி கசிந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

பேர்ட் 43-இல் அளவும் அலைவரிசையும் ஸ்லக் என்னும் உருளையில் இருக்கின்றன. 100எச் என்றால் 2 முதல் 30 மெகாஹெர்ட்ஸ், 100 வாட். ஸ்லக்கிலுள்ள அம்புக்குறியைத் திருப்பினால் திரும்பும் சக்தி தெரியும். துல்லியம் முழு ஸ்கேலில் 5 சதவீதம், அதாவது இங்கே 5 வாட். எஸ்.டபிள்யூ.ஆரை நாமே கணக்குப் போட வேண்டும், அல்லது அட்டவணை பார்க்க வேண்டும். ஸ்லக் ஒவ்வொன்றும் தனிச்செலவு; மீட்டர் வாங்கியவர் பிறகு ஸ்லக்குக்கே அதிகம் செலவழித்தால் ஆச்சரியமில்லை.

ரிக்கைப் பழுது பார்க்கிறவர் பேர்ட் வாங்கட்டும். தினமும் ஆன்டெனாவைக் கண்காணிக்க மட்டும் வேண்டுமென்றால் என் ஓட்டு எச்.எம்-102-க்கே. வாங்கியதும் நல்ல டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்ளும் மின்தடை) போட்டு, திரும்பும் சக்தி பூஜ்யத்தை ஒட்டி வரும்வரை உள்ளே இருக்கும் ட்ரிம்மர் என்னும் சிறு சரிசெய்யும் திருகைத் திருகுங்கள். 50 ஓம் லோடில் 100 வாட்டுக்கு 70.7 வோல்ட் இருக்க வேண்டும், ஆர்.எஃப் வோல்ட்மீட்டர் இருந்தால் ஸ்கேலையும் சரிபார்த்துவிடலாம். விற்பவர் மீட்டரை மட்டும் நீட்டினால், சென்சார் பெட்டி எங்கே என்று கேளுங்கள். அது இல்லாமல் வெறும் முள்ளும் கண்ணாடியும்தான்.