பிராட்காம் வைஃபை உள்ள பழைய மடிக்கணினிக்கு மின்ட்டா, டெபியனா?

பழைய மடிக்கணினிக்கு எந்த லினக்ஸ் ஏற்றது என்ற பேச்சு எழுந்தால், நினைவகமும் திரைச்சூழலும்தான் முதலில் அலசப்படும். 4 ஜிபி நினைவகமும் ஓர் எஸ்எஸ்டியும் இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரைச்சூழல் எந்த வழங்கலிலும் (மின்ட், டெபியன் போன்ற லினக்ஸ் வகையிலும்) ஏறத்தாழ ஒரே மாதிரிதான் ஓடும் என்பதால், அதை நீட்ட வேண்டியதில்லை. என் மடிக்கணினியில் தொல்லை தந்தது பிராட்காமின் பிசிஎம்43142 வைஃபை சில்லு. லினக்ஸ் மின்ட் 22, டெபியன் 13 இரண்டையும் அதில் நிறுவிப் பார்த்துவிட்டு, டெபியனையே வைத்துக்கொண்டேன்.

நிறுவும் நாளில் மின்ட்தான் எளிது. இணையமே இல்லாவிட்டாலும், நிறுவப் பயன்படுத்திய யுஎஸ்பியிலிருந்தே மின்ட்டின் டிரைவர் மேனேஜர் கருவி பிராட்காம் இயக்கியை (சில்லை இயக்கும் மென்பொருளை) எடுத்துக்கொள்ளும். டெபியன் 12 முதல் நிறுவல் வட்டிலேயே கட்டற்றதல்லாத ஃபர்ம்வேர்கள் (வன்பொருளுக்குள் ஏற்றப்படும் மென்பொருள்கள்) சேர்க்கப்படுகின்றன என்றாலும், இந்தச் சில்லுக்கு வேண்டியது ஃபர்ம்வேர் அன்று, மூலநிரல் முழுமையாக வெளியிடப்படாத மூடிய இயக்கி. அது வட்டில் இல்லாமல் இணையக் களஞ்சியத்தின் தனிப் பிரிவில் இருப்பதால், ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி டெதரிங் மூலம் இணைத்து இறக்கிக்கொள்ள நேரிடும். அரை மணி நேர வேலை, ஒரே ஒரு முறை.

நான் பெரிதாகக் கருதுவது அதற்குப் பின் வரும் பராமரிப்பைத்தான். 'டபிள்யூஎல்' எனப்படும் அந்த இயக்கியின் கடைசி மூலப்பதிப்பு 2015-இல் வந்தது. லினக்ஸின் கருவான கெர்னல் மாறும் ஒவ்வொரு முறையும் டிகேஎம்எஸ் என்ற கருவி அதைப் புதிய கெர்னலுக்கு ஏற்பப் புதிதாகத் தொகுக்கிறது. கெர்னலின் உள்ளமைப்பு மாறிவிட்டால், யாரேனும் ஒட்டுத் திருத்தம் எழுதும் வரை தொகுப்பு தோல்வியுற்று, மறுதொடக்கத்துக்குப் பின் வைஃபை காணாமல் போகும். எனவே கெர்னல் எவ்வளவு அடிக்கடி பெரும்பதிப்பு தாண்டுகிறது என்பதே இங்கே உரைகல். டெபியன் 13 தன் ஆயுள் முழுவதும் 6.12 வரிசையிலேயே நிற்கும். பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்குள்ளேயே வருவதால் இயக்கி சிக்கலின்றித் தொகுக்கப்படுகிறது. மின்ட் 22 வரிசையோ 6.8 கெர்னலுடன் தொடங்கி, 22.2-இல் 6.14-க்குத் தாவிவிட்டது. புதிய வன்பொருளுக்கு அது வரம். பத்தாண்டுப் பழைய சில்லுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

மின்ட்டில் இதற்கு வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்டேட் மேனேஜரில் 6.8 வரிசையிலேயே தங்கிவிடலாம். பழைய கெர்னல் நீக்கப்படாமல் இருந்தால், கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலிலிருந்து அதற்குத் திரும்பவும் முடியும். ஆனால் அதை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பு நம்முடையதாகிறது. மடிக்கணினி பெற்றோர் கையிலோ பிள்ளைகள் கையிலோ இருந்தால் அது நடைமுறைக்கு ஒத்துவராது. புதிய பதிப்புகள் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும் ஆர்ச் போன்ற தொடர் வெளியீட்டு வழங்கல்களை இந்தக் கணினியில் நான் நீண்டகாலம் ஓட்டியதில்லை. எனினும் மேற்சொன்ன காரணத்தாலேயே அவற்றைப் பரிந்துரைக்கத் தயங்குவேன்.

இந்த வாதம் எல்லாப் பிராட்காம் சில்லுகளுக்கும் பொருந்தாது. வன்பொருளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிசிஐ' (lspci) கட்டளையை 'என்என்கே' (-nnk) தெரிவுடன் இயக்கினால், வைஃபை அட்டையின் வரியில் சதுர அடைப்புக்குள் 14இ4 (14e4) என்று தொடங்கும் எண்ணும், இரண்டொரு வரி கீழே பயன்பாட்டில் உள்ள இயக்கியின் பெயரும் தெரியும். பிசிஎம்4312 போன்றவற்றுக்குக் கெர்னலிலேயே உள்ள பி43 இயக்கி போதும்; ஃபர்ம்வேரை ஒருமுறை சேர்த்துவிட்டால் கெர்னல் மாற்றம் அதைத் தொடாது. அப்படியானால் தயங்காமல் மின்ட்டையே நிறுவலாம்.

டெபியனைத் தேர்ந்தெடுப்பவர்கள், இயக்கிப் பொதியுடன் 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64' (linux-headers-amd64) பொதியையும் நிறுவ வேண்டும். ஒரு குறிப்பிட்ட கெர்னலுக்கான ஹெடர்களை (இயக்கியைத் தொகுக்கத் தேவையான கோப்புகளை) மட்டும் நிறுவினால், அடுத்த திருத்தம் வந்ததும் டிகேஎம்எஸ் தொகுக்க வழியின்றி நின்றுவிடும். புதிய பதிப்புகளைத் தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து புதிய கெர்னலை எடுக்கவும் வேண்டாம்; எடுத்தால் டெபியனைத் தேர்ந்ததன் காரணமே இல்லாமல் போய்விடும்.