மாருத் போர்விமான மாதிரிக்கு லேசர் வெட்டு: மேலமாசி வீதிப் பக்கத்துக் கடை எப்படி?

கல்யாணப் பத்திரிகை, வீட்டுப் பெயர்ப்பலகை, பள்ளி ஆண்டுவிழா ஷீல்டு ஆகியவற்றை நம்பி நடக்கும் ஒரு லேசர் கட்டிங் கடை, போர்விமான மாதிரியை அடியிலிருந்து சொந்தமாகச் செய்பவருக்கு எவ்வளவு தூரம் பயன்படும் என்று கேட்டால், விமான உடலின் எலும்புக்கூடாக அமையும் சட்டங்களுக்கு நம்பிக் கொடுக்கலாம், பால்சா என்னும் மிக லேசான மரத்துக்கு வேண்டாம் என்பேன். மதுரை மேலமாசி வீதியை ஒட்டிய சந்தில், மாடியில் இயங்கும் அந்தக் கடைக்கு நான் கொண்டுபோனது எச்.எஃப்.-24 மாருத் விமானத்தை 48-இல் ஒரு பங்காகச் செய்வதற்கான வரைபடம்.

பெங்களூரின் எச்.ஏ.எல். விமானத் தயாரிப்பு நிறுவனத்தில் ஜெர்மானிய வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் தலைமையில் உருவாகி, 1961 ஜூன் 17 அன்று முதன்முறை பறந்து, 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் தாக்குதலுக்குச் சென்ற விமானம் மாருத். அதன் நீளம் 15.87 மீட்டர், இறக்கை அகலம் 9 மீட்டர்; மாதிரியில் இவை முறையே 33 செ.மீ., 18.75 செ.மீ. என்று சுருங்குகின்றன. ஒலிவேகத்தை நெருங்கும்போது எழும் காற்றெதிர்ப்பைக் குறைப்பதற்காக இதன் உடலை இறக்கை சேரும் பகுதியில் இடுப்பு போல ஒடுக்கியிருக்கிறார்கள். அந்த ஒடுக்கம் சரியாக வராவிட்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் பார்ப்பவர் கண்ணுக்கு அது மாருத் ஆகாது. பக்கத் தோற்றத்தில் ஒரு நெடுஞ்சட்டம், அதில் பள்ளம் வெட்டிக் கோக்கும் குறுக்குச் சட்டங்கள் என்று எலும்புக்கூட்டை அமைக்கும்போது, ஒவ்வொரு குறுக்குச் சட்டமும் முந்தையதிலிருந்து மில்லிமீட்டருக்கும் குறைவாகவே வேறுபடுகிறது. மாதிரியில் அரை மில்லிமீட்டர் பிசகினால் நிஜ விமானத்தில் அது 24 மில்லிமீட்டர். இழைவாளை வைத்துக்கொண்டு கையால் இதைச் சாதிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

இந்த வேலையில்தான் கடை தன் தரத்தைக் காட்டுகிறது. 2 மில்லிமீட்டர் அக்ரிலிக் ஷீட்டில் எல்லாச் சட்டங்களையும் நெருக்கி அடுக்கி, ஷீட் வீணாகாமல் வெட்டிக் கொடுத்தார்கள். லேசர் தன் பாதையில் கொஞ்சம் பொருளைத் தின்றுவிடும் என்பதால், வரைபடத்தில் 2 மில்லிமீட்டர் போட்ட பள்ளம் வெட்டிய பிறகு அகன்று, சட்டம் லொடலொடவென்று ஆடும். ஆபரேட்டர் இதைத் தானாகவே எடுத்துச் சொல்லி, ஓரத்துத் துண்டில் நாலைந்து அளவில் பள்ளம் வெட்டி, எது இறுக்கமாக உட்காருகிறது என்று என்னையே பொருத்திப் பார்க்கச் சொன்னார். அதன் பிறகே முழு ஷீட்டும் மெஷினில் ஏறியது. சட்டத்தின் எண்ணையும் நடுக்கோட்டையும் லேசான சக்தியில் வெள்ளைக் கீறலாகப் பொறித்துத் தந்ததால், கோக்கும்போது எது எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை.

செலவைக் குறைக்க சன்போர்டு என்னும் பிளாஸ்டிக் நுரைப் பலகையில் வெட்ட முடியுமா என்று கேட்டதற்கு, "அது பி.வி.சி.ண்ணே, வர்ற புகை மெஷினையும் அரிச்சிரும், நமக்கும் ஆகாது" என்று மறுத்துவிட்டார். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். வருகிற காசை வேண்டாமென்று சொல்லும் கடைக்காரரிடம் வேலையை ஒப்படைக்கத் தயங்க வேண்டியதில்லை.

இறக்கைக்கு வடிவம் தரும் உள்துண்டுகளான விலாக்களுக்குக் கொடுத்த பால்சாவில்தான் ஏமாற்றம். மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகைக்கு வைக்கும் சக்தியிலேயே இந்த மெல்லிய மரத்தையும் ஓட்டிவிட்டதாகத் தெரிகிறது. ஓரங்கள் கரியாகி, தொட்டால் விரல் கறுத்தது. கரி படிந்த ஓரத்தில் ஃபெவிகால் சரியாகப் பிடிக்காது. உப்புத்தாளால் தேய்த்து எடுத்தாலோ விலாவின் அளவு குறைகிறது. முறையிட்டபோது மறுபடி வெட்டித் தர மறுக்கவில்லை என்றாலும், அந்த மரத்துக்கு ஏற்ற அமைப்பை அவர்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. விலாக்களைக் கத்தியால் வெட்டிக்கொள்வதே நல்லது.

அக்ரிலிக்கை ஒட்டக் கடையிலேயே குளோரோஃபார்ம் தருகிறார்கள். பெயர்ப்பலகைக்கு அது சரிதான். ஆனால் லேசர் சூடு பட்ட ஓரத்தில் இறுக்கம் தங்கியிருப்பதால், அது பட்டவுடன் நூல்நூலாக விரிசல் ஓடக்கூடும். உள்ளே மறையும் சட்டத்துக்குப் பரவாயில்லை. காக்பிட் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கூலி மெஷின் ஓடும் நிமிடக் கணக்கு. ஷீட்டின் விலை தனி. ஒரே கோடு வரைபடத்தில் இரண்டு முறை விழுந்திருந்தால் மெஷினும் இரண்டு முறை வெட்டும், காசும் கூடும் என்பதால் ஃபைலைச் சுத்தம் செய்துவிட்டே பென் டிரைவில் ஏற்ற வேண்டும். கடையின் வரைகலை மென்பொருளான கோரல் டிராவில் திறந்ததும் மொத்த நீளம் 33 செ.மீ. காட்டுகிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்துவிடுவது அவசியம், டி.எக்ஸ்.எஃப். என்ற வரைபட வடிவத்து ஃபைல்களைத் திறக்கும்போது சில நேரம் மில்லிமீட்டர் அங்குலமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தக் காலங்களில் பத்திரிகை வேலைக்குத்தான் முதல் மரியாதை. சித்திரைத் தேரோட்டத்தன்று மாசி வீதிகளுக்குள் வண்டியே நுழையாது. பங்குனியிலோ ஆடியிலோ போனால், ஆபரேட்டர் நம் வரைபடத்தை உட்கார்ந்து பார்க்க நேரம் ஒதுக்குகிறார்.