புளூட்டிகாசோன் மூக்கு ஸ்ப்ரே ரிவ்யூ: டஸ்ட் அலர்ஜிக்காரங்க ரெண்டே நாள்ல தூக்கிப் போட்டுடாதீங்க

ரேட்டிங்க முதல்லயே சொல்லிடுறேன், அஞ்சுக்கு நாலரை. ஆன்லைன் மெடிக்கல் ஷாப்ல இந்த மாதிரி ஸ்ப்ரேக்கு வர்ற ஒரு ஸ்டார் ரிவ்யூவ எல்லாம் படிச்சா மனசு கேக்கல, ரெண்டு நாள் அடிச்சோம் மூக்கு தெறக்கல காசு வேஸ்ட்னு நிறைய பேரு எழுதி வச்சிருக்காங்க, அதைப் பாத்துட்டு நெஜமாவே இது தேவைப்படுறவங்க வாங்காம போயிடுவாங்களேன்னு தான் உக்காந்து இவ்ளோ பெருசா எழுதுறேன். பிராண்ட் பேரு வேண்டாம், நெறைய கம்பெனி போடுறாங்க, உள்ள இருக்கிற மருந்து ஒண்ணு தான்: புளூட்டிகாசோன் புரோப்பியோனேட், ஒரு தடவை அமுக்குனா 50 மைக்ரோகிராம் வரும். என்கிட்ட இருக்கிற பாட்டில்ல மொத்தம் 120 ஸ்ப்ரே.

என் கேஸ் என்னன்னா, காலைல எந்திரிச்சு உக்காந்த உடனே தும்மல் ஆரம்பிச்சிடும், நிக்காம வரும், அப்புறம் மூக்குல தண்ணியா ஊத்தும், மேல் அண்ணத்துல ஒரு அரிப்பு இருக்கு பாருங்க நாக்கால தேய்ச்சுட்டே இருக்கணும், கண்ணும் சேந்து அரிக்கும். பத்து மணிக்கு மேல தும்மல் அடங்கிடும் ஆனா மூக்கு அடைச்சுக்கும், நைட்டு வாயால தான் மூச்சு. பரண்ல இருந்து பழைய துணிய எறக்குனா போச்சு, அன்னைக்கு முழுக்க கர்ச்சீப்போட தான். சளி பிடிச்சிருக்குன்னு வீட்ல கசாயம் வச்சுக் குடுப்பாங்க, குடிக்கிறதுக்கு நல்லாத்தான் இருக்கும், ஆனா சளி வேற அலர்ஜி வேற. காய்ச்சல் இல்லாம, மஞ்சளா வராம, தெனமும் ஒரே டைம்ல தும்மல், அரிப்போட வந்துச்சுன்னா அலர்ஜியா இருக்கத்தான் சான்ஸ் ஜாஸ்தி.

ஈஎன்டி டாக்டர் ஸ்கின் பிரிக் டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க. முன்னங்கைல பேனாவால நம்பர் போட்டு, ஒவ்வொரு நம்பர் பக்கத்துலயும் ஒரு சொட்டு வச்சு, அந்த சொட்டு வழியா சின்ன ஊசியால லேசா குத்துவாங்க, ரத்தம் கூட வராது. ஒரு சொட்டு வெறும் உப்புத்தண்ணி, அது தடிக்கக் கூடாது, இன்னொன்னு ஹிஸ்டமின், அலர்ஜி வந்தா நம்ம உடம்பே வெளிய விடுற பொருள், அது கண்டிப்பா தடிக்கணும், இந்த ரெண்டையும் வச்சு தான் மத்தத அளப்பாங்க. 15, 20 நிமிஷம் கைய சொறியாம உக்காந்திருக்கிறது தான் பெரிய கஷ்டம். உப்புத்தண்ணி எடத்த விட 3 மில்லிமீட்டராவது பெருசா தடிச்சா பாசிட்டிவ். டஸ்ட் மைட்ல ரெண்டு வகைக்கு சொட்டு வச்சிருந்தாங்க, எனக்கு அந்த ரெண்டு எடமும் நல்லா வெளுத்து வீங்கி சுத்தியும் செவந்து போச்சு, சீமைக்கருவேல மகரந்தம் லேசா. டெஸ்டுக்கு ஒரு வாரம் முன்னாடியே அலர்ஜி மாத்திரைய டாக்டர் நிறுத்தச் சொல்லிடுவாங்க, இல்லன்னா எதுவுமே தடிக்காது.

டஸ்ட் மைட்னா தூசி இல்லீங்க, தூசிக்குள்ள வாழுற ஒரு உயிர், கால் மில்லிமீட்டர் சைஸ், கண்ணுக்குத் தெரியாது. நம்ம உடம்புல இருந்து உதிர்ற தோல் செதில தின்னுட்டு மெத்தை, தலகாணி, சோஃபாக்குள்ள இருக்கும், காத்துல ஈரம் இருந்தாத்தான் பெருகும். வீட்டுத் தூசில அலர்ஜிய கெளப்புறது இது தான்னு 1964-ல நெதர்லாந்துல லைடன்ல வூர்ஹார்ஸ்ட்னு ஒரு ஆராய்ச்சியாளரோட குழு சொன்னதுக்கு அப்புறம் தான் உலகத்துக்கே புரிஞ்சுச்சு. பிரச்சனை பண்றது முக்கியமா அதோட கழிவு, அதுல டெர் பி 1னு ஒரு புரோட்டீன், அது ஒரு என்சைமும் கூட, மூக்கோட உள்தோல்ல செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல இருக்கிற பிணைப்ப அறுத்துட்டு உள்ள போகும்.

உள்ள போனதும் என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா தான் இந்த ஸ்ப்ரே ஏன் மெதுவா வேலை செய்யுதுன்னு புரியும், அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க. அலர்ஜி இருக்கிறவங்க உடம்புல நோய் எதிர்ப்பு வேலை பாக்குற டி செல்கள்ல ஒரு வகை, டிஎச்2ன்னு சொல்வாங்க, அது இந்த புரோட்டீன எதிரின்னு எடுத்துக்கிட்டு இன்டர்லூகின் 4, 13னு சிக்னல் அனுப்பும், அதைக் கேட்டு பி செல்கள்னு இன்னொரு எதிர்ப்பு செல் ஐஜிஇன்னு ஒரு ஆன்டிபாடி செய்யும். அந்த ஐஜிஇ போயி, மூக்கு உள்தோல்ல ஹிஸ்டமின சேத்து வச்சிருக்கிற மாஸ்ட் செல் மேல பலாப்பழத் தோல் முள்ளு மாதிரி சுத்தியும் நிக்கும். இது வரைக்கும் நமக்கு ஒண்ணும் தெரியாது. அடுத்த தடவ அதே புரோட்டீன் வந்து பக்கத்து பக்கத்துல இருக்கிற ரெண்டு ஐஜிஇய சேத்துப் பிடிச்சதும் மாஸ்ட் செல் உள்ள வச்சிருந்த ஹிஸ்டமின மொத்தமா வெளிய கொட்டும், சில நிமிஷத்துல தும்மல், அரிப்பு, தண்ணி. இதோட முடிஞ்சிருந்தா பரவால்ல. கொட்டுனதோட சேத்து வேற சிக்னலும் போயிருக்கும், நாலுல இருந்து எட்டு மணி நேரம் கழிச்சு ஈசினோஃபில்னு ஒரு வகை வெள்ளை அணு கூட்டமா வந்து சேரும், அது வந்தா மூக்கு உள்ள வீங்கி அடைச்சுக்கும். காலைல தும்மல், அப்புறம் மூக்கடைப்புன்னு சொன்னேன்ல, இதான் அது.

இந்த ஐஜிஇய 1966-ல அமெரிக்காவுல டென்வர்ல கிமிஷிகே இஷிசாகா, டெருகோ இஷிசாகான்னு ஒரு ஜப்பான் தம்பதி கண்டுபிடிச்சாங்க, அதே காலத்துல ஸ்வீடன்ல உப்சாலாவுலயும் தனியா கண்டுபிடிச்சாங்க. அதுக்கும் முன்னாடி, 1921-லயே பிரவுஸ்னிட்ஸ்னு ஒரு டாக்டர், மீன் அலர்ஜி இருந்த தன்னோட சகா கூஸ்ட்னரோட சீரத்த, அதாவது ரத்தத்துல அணு எல்லாம் நீக்குன தெளிஞ்ச தண்ணிய, தன் தோல்லயே ஊசி போட்டுக்கிட்டு, மறுநாள் அதே எடத்துல மீன் சத்த செலுத்திப் பாத்தாரு, அந்த எடம் மட்டும் தடிச்சுச்சு. அலர்ஜிய உண்டாக்குற ஏதோ ஒண்ணு ரத்தத்துல இருக்குன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு, தன் உடம்பையே குடுத்து பாத்த அந்த மனுஷங்கள நெனச்சா கையெடுத்துக் கும்பிடத் தோணுது.

சரி ஸ்ப்ரேக்கு வர்றேன். நாம வழக்கமா போடுற செட்ரிசின், லெவோசெட்ரிசின் மாத்திரை ஹிஸ்டமின் போய் ஒட்டுற எடத்த மட்டும் அடைக்கும், அதனால தும்மல், அரிப்புக்கு நல்லா கேக்கும், ஆனா பின்னாடி வர்ற அடைப்புக்கு அவ்ளோவா கேக்காது. புளூட்டிகாசோன் ஸ்டீராய்டு. அது செல்லுக்குள்ள போயி, நியூக்ளியஸ் வரைக்கும் போயி, அந்த சிக்னல் புரோட்டீன் எல்லாம் தயாராகுற ஜீன் லெவல்லயே கொறைச்சு விடும், ஈசினோஃபில் வர்றதே கொறஞ்சு போகும். இப்படி வேலை செய்யுற ஒரு மருந்து அஞ்சு நிமிஷத்துல மூக்க தெறக்காது. சில பேருக்கு அரை நாள்ல லேசா தெரியும், முழு பலன் தெரிய ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும், அதுவும் தும்மல் வந்தாலும் வராட்டியும் தெனமும் அடிச்சா மட்டும் தான்.

மூக்கடைப்புக்கு கடைல கேட்டா உடனே எடுத்துக் குடுக்கிற சொட்டு மருந்து இருக்கே, சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின், அது வேற கதை. அது ரத்தக் குழாய சுருக்கி விட்டு நிமிஷத்துல மூக்க தெறக்கும், அதனால மக்கள் அதைத் தான் நல்ல மருந்துன்னு நெனைக்கிறாங்க. மூணுல இருந்து அஞ்சு நாளைக்கு மேல தொடர்ந்து போட்டா மருந்து எறங்கினதும் முன்ன விட மோசமா அடைச்சுக்கும், திரும்ப போடணும், திரும்ப அடைக்கும். என் ஃப்ரெண்ட் ஒருத்தர் சட்டைப் பைல அது இல்லாம வெளிய போக மாட்டாரு, இப்ப ஈஎன்டி கிட்ட காட்டி, அதை நிறுத்திட்டு இந்த ஸ்ப்ரேக்கு மாறி தான் தேறி வர்றாரு.

இப்ப அடிக்கிற முறை. நிறைய பேருக்கு வேலை செய்யாம போறதுக்கு இது ஒரு பெரிய காரணம், கடைல யாரும் சொல்லித் தர்றதும் இல்ல. மொதல்ல மூக்க சிந்திக்கோங்க. பாட்டில நல்லா குலுக்கணும், புது பாட்டில்னா காத்துல சில தடவ அமுக்கி சீரான பனியா வர்ற வரைக்கும் பாக்கணும். தலைய அண்ணாந்து பாக்கக் கூடாது, லேசா முன்னாடி குனியணும். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை, அப்பத்தான் நுனி தானா காது பக்கமா, அதாவது வெளிப்பக்கமா பாக்கும். மூக்கு நடுச்சுவர் பக்கமா அடிச்சா மருந்து அங்கயே பட்டுப் பட்டு காஞ்சு ரத்தம் வரும், ஒரு சிலர் ரத்தம் வந்துச்சுன்னு பயந்து நிறுத்துறதுக்கு இதுவும் ஒரு காரணம். அமுக்கும்போது மெதுவா, பூ மோந்து பாக்குற அளவுக்கு மட்டும் உறிஞ்சுங்க. வேகமா இழுத்தா மருந்து மூக்குல தங்காம தொண்டைக்கு போயி கசக்கும், அடிச்சதும் கசப்பு தெரிஞ்சா நீங்க வேகமா இழுக்குறீங்கன்னு அர்த்தம்.

அரை ஸ்டார் கொறச்சது வாசனைக்கு. இந்த மருந்துல சேக்குற ஒரு பொருளால ரோஜா சென்ட் மாதிரி ஒரு வாடை வரும், சில பேருக்கு பிடிக்கும், எனக்கு காலைல வெறும் வயித்துல கொமட்டும், அதனால பல்லு வெளக்கி காபி குடிச்சுட்டு அடிக்கிறேன். வெல ஒரு பாட்டில் சில நூறு ரூபா, பெரியவங்களுக்கு ஆரம்பத்துல வழக்கமா ஒரு மூக்குக்கு ரெண்டு ஸ்ப்ரே, அப்ப 120 ஸ்ப்ரே ஒரு மாசம் வரும், கட்டுக்குள்ள வந்ததும் டாக்டர் ஒண்ணா கொறைச்சாங்கன்னா ரெண்டு மாசம்.

ஸ்டீராய்டுன்னு சொன்னதும் அம்மாவுல இருந்து பக்கத்து வீட்டு அக்கா வரைக்கும் எல்லாரும் பதறுனாங்க. பயம் நியாயம் தான், ஆனா மாத்திரை ஸ்டீராய்டும் இதுவும் ஒண்ணு இல்ல. இதுல மூக்குல அடிக்கிறது மைக்ரோகிராம் கணக்கு, அதுலயும் ரெண்டு சதவீதத்துக்கும் கீழ தான் ரத்தத்துல சேரும், முழுங்குறத ஈரல் உடைச்சுடும். அதுக்காக நீங்களா வாங்கி வருஷக்கணக்கா அடிக்காதீங்க, கண்ணுல பிரஷர், கண்புரை இருக்கிறவங்க டாக்டர் கிட்ட சொல்லிடுங்க, குழந்தைங்களுக்குன்னா வளர்த்தி சரியா இருக்கான்னு அப்பப்ப பாப்பாங்க, எச்ஐவிக்கு குடுக்கிற ரிட்டோனாவிர் மருந்து எடுக்கிறவங்க கண்டிப்பா சொல்லணும். மூச்சு விடும்போது விசில் சத்தம், நெஞ்சு இறுக்கம் இருந்தா அது ஆஸ்துமாவா இருக்கலாம், அதுக்கு இந்த ஸ்ப்ரே பத்தாது.

அப்புறம் ஸ்ப்ரே மட்டும் அடிச்சுட்டு பழைய இலவம்பஞ்சு மெத்தையிலயே படுத்தா பாதி கெணறு தான். நாங்க மெத்தைக்கும் தலகாணிக்கும் நெருக்கமா நெய்த ஜிப் கவர் போட்டோம், பெட்ஷீட்ட வாரா வாரம் 60 டிகிரி சுடுதண்ணில துவைக்கிறோம், கூட்டுறதுக்கு பதிலா ஈரத்துணியால தொடைக்கிறோம். கவர் மட்டும் போட்டு பெருசா ஒண்ணும் மாறாது, எல்லாத்தையும் சேத்து செஞ்சா தான். இதெல்லாம் செஞ்சும் அடங்கலன்னா இம்யூனோதெரபி இருக்கு, 1911-ல லண்டன்ல லியோனார்ட் நூன்னு ஒரு டாக்டர் புல் மகரந்தத்துல ஆரம்பிச்சது, அலர்ஜி பண்ற பொருளையே கொஞ்சம் கொஞ்சமா குடுத்து உடம்பப் பழக்குறது, ஊசியாவோ நாக்கு அடில வைக்கிற சொட்டாவோ மூணுல இருந்து அஞ்சு வருஷம் போகணும்.

எனக்கு இப்ப காலைத் தும்மல் ரொம்ப கொறஞ்சிருச்சு, நைட்டு வாயை மூடி தூங்குறேன், பெருங்காயம் தாளிக்கிற வாசம் அடுக்களைல இருந்து ஹால் வரைக்கும் வருது. தங்கச்சிக்கு டாக்டர் புளூட்டிகாசோன் ஃபியூரோயேட் எழுதிக் குடுத்திருக்காங்க, அதுல இந்த ரோஜா வாடை இல்ல, ஒரு ஸ்ப்ரே 27.5 மைக்ரோகிராம் தான், அவ கொஞ்ச நாள் யூஸ் பண்ணட்டும், ரெண்டையும் ஒப்பிட்டு கீழ சேக்குறேன்.