இணைய இணைப்பை மாற்றும் முன்: புரோட்டான், டூட்டா, ஃபாஸ்ட்மெயில்

இணையச் சேவை நிறுவனம் தந்த மின்னஞ்சல் முகவரி, பெரும்பாலும் ஒப்பந்தத்தோடு சேர்ந்தே போய்விடும். சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசுச் சேவைகளுக்கான மின் அடையாளம்), மசேநிதி (மத்திய சேமநிதி), வங்கி அறிவிப்புகள் அங்கேதான் வருகின்றன என்றால், பழைய இணைப்பைத் துண்டிக்கும் முன்பே புது முகவரிக்கு மாற்றிவிடுங்கள்.

நம் முதல் தேர்வு சுவிட்சர்லாந்தின் புரோட்டான் மெயில். 2014இல் தொடங்கியது, இலவசமாக 1 ஜிபி வரை. கடிதத்தின் உள்ளடக்கத்தை அவர்களாலேயே படிக்க முடியாது, ஆனால் தலைப்பு வரிக்கு அந்த முழுப் பாதுகாப்பு இல்லை. ஒன்றை மறக்கவே கூடாது: ரெக்கவரி ஃபிரேஸை (கணக்கை மீட்க உதவும் சொற்தொகுப்பு) தாளில் எழுதி வையுங்கள். அது இல்லாமல் கடவுச்சொல்லை ரீசெட் செய்தால் கணக்கு கிடைக்கும், பழைய கடிதங்கள் திறக்காது. அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற மின்னஞ்சல் மென்பொருள்களில் பயன்படுத்த 'பிரிட்ஜ்' என்ற மென்பொருள் வேண்டும். அது கட்டணத் திட்டத்தில் மட்டுமே.

ஜெர்மனியின் டூட்டா தலைப்பு வரியையும் பூட்டுகிறது. ஐமேப் (வேறு மென்பொருளில் கடிதங்களைப் படிக்க உதவும் முறை) கிடையாது, அவர்களுடைய செயலியிலோ இணையதளத்திலோதான் படிக்க வேண்டும். இலவசக் கணக்கை 6 மாதம் திறக்காவிட்டால் அழித்துவிடுவார்கள்.

அவுட்லுக்கை விட மனமில்லாத பெற்றோருக்கு ஆஸ்திரேலியாவின் ஃபாஸ்ட்மெயில் பொருந்தும். கட்டணம் உண்டு, ஐமேப் தடையில்லாமல் ஓடும். விளம்பரம் இல்லை, ஆனால் முழு மறையாக்கமும் (நிறுவனமே படிக்க முடியாதபடி பூட்டுவது) இல்லை.

பழைய கடிதங்களை எடுக்க, தண்டர்பேர்டில் பழைய கணக்கை ஐமேப்பாகச் சேர்த்து, கோப்புறைகளை உங்கள் கணினியிலேயே சேமிக்கும் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதிக்கு நகலெடுங்கள். பாப்3 (கடிதங்களை இறக்கும் இன்னொரு முறை) வேண்டாம், அது இன்பாக்ஸை மட்டும்தான் இறக்கும், அனுப்பிய கடிதங்கள் அங்கேயே தங்கிவிடும்.