பிபிசி, பிரசார் பாரதி: தலைவர் நாற்காலி எங்கே வலுவாக இருக்கிறது?

பிபிசியின் தலைமை இயக்குநரைத் தேர்ந்தெடுப்பது அதன் நிர்வாகக் குழு. அந்தக் குழுவின் தலைவரை நியமிப்பதில் பிரிட்டன் அரசுக்குப் பங்கு உண்டு. ஆனால் இயக்குநரின் மேசைக்கு நேராக அமைச்சகம் வருவதில்லை. அவரே தலைமை ஆசிரியரும் கூட. அதனால் ஒரு செய்தி தவறினால் பழி அவர் தலையில்தான். 2012-இல் தலைமை இயக்குநரான ஜார்ஜ் என்ட்விசில் 54 நாளில் பதவி விலகியது அப்படித்தான்.

தூர்தர்ஷனையும் ஆகாசவாணியையும் நடத்தும் பிரசார் பாரதியின் சட்டம் 1990-இல் நிறைவேறி, 1997-இல்தான் நடைமுறைக்கு வந்தது. தலைமைச் செயல் அதிகாரியைப் பரிந்துரைப்பது மூவர் குழு: மாநிலங்களவைத் தலைவர், பத்திரிகை கவுன்சில் தலைவர், குடியரசுத் தலைவரின் பிரதிநிதி. காகிதத்தில் இது நல்ல அரண்.

ஓட்டை பணத்தில் இருக்கிறது. தொலைக்காட்சி பார்ப்பதற்காக வீடுகள் செலுத்தும் உரிமக் கட்டணமே பிபிசிக்கு முதுகெலும்பு. கட்டண அளவை அரசு முடிவு செய்தாலும், சில ஆண்டுகளுக்குச் சேர்த்தே முடிவாகும், முன்கூட்டித் திட்டமிடலாம். பிரசார் பாரதியோ ஆண்டுதோறும் மத்திய அரசின் மானியத்தை எதிர்பார்க்க வேண்டும். போதாததற்கு அதன் சட்டத்தின் 23-ஆம் பிரிவு: நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைச் சொல்லி ஒன்றை ஒளிபரப்பச் சொல்லவோ தடுக்கவோ அரசால் முடியும்.

நியமன முறையை மட்டும் சீர்திருத்தி, நிதியை அமைச்சகத்தின் கையிலேயே விட்டால் எந்தத் தலைவராலும் நிமிர்ந்து நிற்க முடியாது.