வாஷரா, மிக்ஸா?

ரிமோட்டில் ஓட்டி வானில் சாகசம் காட்டும் ஏரோபாட்டிக் மாடல் விமானம் எதுவும் புதிதாக முதல் நாளே நேராகப் பறப்பதில்லை. அதை வழிக்குக் கொண்டுவர ஒன்று பேட்டரியை நகர்த்தி, மோட்டார் மவுண்டை (மோட்டாரைத் தாங்கும் தட்டு) வாஷர் வைத்துத் திருப்பணும், இல்லையென்றால் ரிமோட்டில் மிக்ஸ் போடணும், அதாவது ஒரு கட்டுப்பாட்டை அசைத்தால் இன்னொன்றும் தானாக அசையும்படி அமைக்கணும்.

"இன்னாண்ணே, மிக்ஸ் ஒரு நிமிஷ வேலை. எதுக்கு ஸ்க்ரூவக் கழட்டிக்கினு?" என்று பாலாற்று மணலில் ஒரு தம்பி கேட்டான். அவன் அவசரம் புரிகிறது. வேலூர் அப்துல்லாபுரம் விமான தளத்திலிருந்து தள்ளியிருக்கட்டும் என்று பள்ளிகொண்டா வரை போகிறோம். கோடையில் ஒன்பது மணிக்கெல்லாம் மணல் சூடேறிக் காற்று தூக்கிப் போடும். அப்புறம் மாடல் ஆடினால் ட்ரிம் (நேராகப் பறக்க வைக்கும் திருத்தம்) கோளாறா, காற்றா என்றே பிரிக்க முடியாது.

இருந்தாலும் நான் வாஷர் கட்சி. மாடலைச் செங்குத்தாக ஏற்றினால் மூக்கு இடப்பக்கம் சாயும். ப்ரொப்பெல்லர் சுழற்றித் தள்ளும் காற்று நிமிர்ந்த வாலின் இடப்பக்கத்தில் மோதுவது முக்கியக் காரணம். த்ராட்டிலோடு (மோட்டார் வேகக் கட்டுப்பாடு) வலது ரட்டரை (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் மடிப்பு) மிக்ஸ் செய்தால் சரியாகும், ஆனால் அந்த ஒரு வேகத்துக்குத்தான். கிடையாக வேகமெடுத்தால் அதே ரட்டர் அதிகமாகிவிடும். மோட்டாரையே வலப்பக்கம் திருப்பினால் அந்தத் திருத்தம் மோட்டார் இழுக்கும் விசையோடு சேர்ந்தே கூடும், குறையும். பின்னாலிருந்து பார்க்கையில் இடப்பக்க ஸ்க்ரூக்களில், மவுண்டுக்கு அடியில் அரை மில்லிமீட்டர் வாஷர் வையுங்கள். ஓட்டைகளுக்கிடையே 30 மி.மீ. என்றால் ஏறக்குறைய 1 டிகிரி கிடைக்கும். பல மாடல்களுக்கு 2, 3 டிகிரியே போதும்.

அதற்கும் முன்னால் பேட்டரி. 45 டிகிரியில் ஏற்றி, தலைகீழாக உருட்டி, எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பு) விட்டுவிடுங்கள். உடனே மூக்கு தரையைப் பார்த்தால் முன்பாரம். பேட்டரியைப் பின்னால் தள்ளணும். வானத்தைப் பார்த்தால் பின்பாரம். கொஞ்ச தூரம் நேராகப் போய் மெல்ல இறங்கினால் பேட்டரியை அங்கேயே விடுங்கள். முன்பாரத்தை எலிவேட்டர் ட்ரிம்மால் மறைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தம்தான்: வேகமாகப் போனால் ஏறும், மெதுவானால் இறங்கும், நாள் முழுக்க ஸ்டிக்கோடு போராட்டம்.

மிக்ஸ் ஜெயிக்கும் இடம் நைஃப் எட்ஜ், அதாவது ஒரு இறக்கை தரையையும் மற்றது வானத்தையும் பார்க்கப் பக்கவாட்டில் பறப்பது. ரட்டர் கொடுத்ததும் மாடல் வயிற்றுப் பக்கம் மடங்கும். பாரமும் கோணமும் சரியான பிறகும் மிச்சம் இருந்தால், மூக்கை முதுகுப் பக்கம் இழுக்கும்படி ரட்டரோடு எலிவேட்டரை 2, 3 சதவீதம் சேர்ப்பதுதான் சரி. இடம், வலம் இரண்டுக்கும் தனித்தனியாகச் சோதிக்கணும். ஒரே எண் அமைவது அபூர்வம்.

கைரோவை (மாடலின் ஆட்டத்தைத் தானே திருத்தும் கருவி) இதெல்லாம் முடியும்வரை அணைத்தே வையுங்கள். தம்பியின் மாடலில் அன்றைக்கே இரண்டு வாஷர் ஏறின. பேட்டரி நின்ற இடத்தில் மார்க்கரால் கோடு போட்டுக் கொடுத்தேன்.