வார்டுதோறும் உரத்தொட்டியா, ஒரே எரிவாயு ஆலையா?

ஊர் பெருகப் பெருக, மட்கும் குப்பையை எங்கே கொண்டுபோவது என்ற குழப்பமும் பெருகுகிறது. கேரளத்தின் ஆலப்புழாவும் மத்தியப் பிரதேசத்தின் இந்தூரும் இருவேறு வழிகளைக் காட்டுகின்றன: ஆலப்புழாவில் வார்டுதோறும் குப்பையை உரமாக்கும் தொட்டிகள், இந்தூரில் குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கும் ஒரே பெரிய ஆலை.

முதலீடு: தொட்டிக்குக் குறைவு, வார்டு வார்டாகக் கூட்டிக்கொள்ளலாம். ஆலைக்குப் பல கோடி, அதுவும் முதலிலேயே.

ஆள்: தொட்டிக்குக் குப்பையோடு சாணமும் காய்ந்த இலையும் மாற்றி மாற்றி அடுக்கத் தெரிந்த கைகள் போதும், 90 நாளில் உரம். ஆலைக்குப் பொறியாளர்கள் வேண்டும்.

போக்குவரத்து: தொட்டி தெருமுனையிலேயே. ஆலைக்கு லாரி ஓடவேண்டும். 2012-ல், நகரக் குப்பை கொட்டப்பட்டுவந்த சர்வோதயபுரம் கிராம மக்கள் குப்பை லாரிகளைத் தடுத்த பிறகுதான் ஆலப்புழா தொட்டிகளுக்கு மாறியது. நகரத்தின் நாற்றத்தை ஒரு கிராமத்தின் தலையில் கொட்டுவது அநியாயம். இதனாலேயே என் மனம் தொட்டிப் பக்கம் சாய்கிறது.

2022-ல் திறந்த இந்தூர் ஆலை நாளுக்கு 550 டன் தாங்கும். ஆனால் அங்கே வீட்டு வாசலிலேயே பிரித்து வாங்குகிறார்கள். பிளாஸ்டிக் கலந்து வந்தால் ஆலை திணறும். தொட்டியில் கையால் பொறுக்கிவிடலாம்.

சரி, யாருக்கு எது? நாளுக்கு 50, 100 டன் சேரும் ஊர்கள் தொட்டிகளில் தொடங்கட்டும். காய்கறிச் சந்தையும் ஹோட்டல்களும் ஒரே பகுதியில் குவிந்திருந்தால், அந்தக் கழிவுக்கு மட்டும் சிறிய எரிவாயு ஆலை வைக்கலாம்.